அம்மாவைத் தேடிப் பார்த்த எபிரேயப் படங்கள்

தொண்டைக்குள் மீன்முள் சிக்கியவர் அதை மெல்ல மெல்ல வெளியே கொண்டுவரப் பார்ப்பது போன்ற ஓர் ஒலி எபிரேய மொழியில் உண்டு. ஒக்லாந்தின் ஏவன்டேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில், சுவரின் ஈரமும் ஹீற்றரில் கருகிய தூசியும் கலந்த மணத்துக்கு நடுவே, ஒரு குளிர்காலம் முழுக்க நான் அந்த ஒலியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கோ அப்பாவுக்கோ எபிரேயம் ஒரு சொல்கூடத் தெரியாது. அந்த மொழி பேசும் நாட்டில் அம்மா இருந்தார், அவரிடமிருந்து தொலைபேசி வருவது நின்றுபோயிருந்தது. அந்தப் படங்களைப் பார்க்க எங்களுக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். போரின் கடைசிக் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறிய அப்பா, நியூசிலாந்தில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டதும் பெரியம்மாவோடு இருந்த என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். அம்மாவோ அதற்குள் ஏஜென்சி ஒன்றின் வழியாக இஸ்ரேலுக்குப் போய், தனியாக வாழ்ந்த வயதான யூதப் பெண் ஒருவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். அங்கே தங்குவதற்கான அவருடைய விசா அந்த ஒரு உயிரோடு கட்டப்பட்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. "கிழவி செத்துப்போச்சுது. நான் வேற இடம் பார்க்கிறன், நீங்கள் யோசியாதேங்கோ" என்று ஒருநாள் சொன்னார். அதன் பின் அப்பா எடுத்த அழைப்புகள் அடித்து அடித்து ஓய்ந்தன. கொஞ்ச நாளில் அடிப்பதும் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குப் போனால் எல்லோரும் எங்களைக் கொடுத்துவைத்த குடும்பம் என்றார்கள். யாழ்ப்பாணத்துச் சூசை அங்கிள் என் தலையில் கைவைத்து, "உன்ர அம்மா ஆண்டவர் நடந்த மண்ணில நடக்கிறா, பிள்ளை" என்பார். எனக்கும் அம்மா நீல முக்காடு போட்டு ஒலிவ மரங்களுக்குக் கீழே நடப்பதாகவே ஒரு படம் மனதில் இருந்தது. அந்தப் படம் உடைந்தது நூலகத்து "உலக சினிமா" தட்டில்தான். ஒரு டிவிடி உறையில் அந்த நாட்டின் பெயரைக் கண்ட அப்பா, பக்கத்து வீட்டு பிஜி இந்திய ஆன்ரி தந்திருந்த பழைய பிளேயரில் அதைப் போட்டார். திரையில் வந்தது பஸ் தரிப்பிடமும், கொடியில் உடுப்புக் காயும் மாடி வீடுகளும், வெயிலில் வியர்த்துச் சண்டை பிடிக்கும் சனமும். "இதுதானா அம்மா இருக்கிற இடம்?" என்று கேட்டேன். "ஓம், வடிவாப் பார்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு தட்டில் இருந்த அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்துவந்தோம். கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. அந்தப் படங்களில் எல்லோரும் ஒருவரையொருவர் நீ யார், நீ எங்கள் ஆளா என்று கேட்டபடியே இருந்தார்கள். கறுப்பு நிறத்து யூதக் குடும்பம் ஒன்று தாங்களும் யூதர்தான் என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது. ஒரு அரபுக் கிறிஸ்தவ வீட்டில் நாங்கள் சொல்லும் அதே "பரலோக மந்திரத்தை" வேறொரு மொழியில் சொல்லிவிட்டு, இங்கேயே இருப்பதா நாட்டைவிட்டுப் போவதா என்று தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். அப்பா அதைப் பார்த்து, "அங்கையும் எங்கட ஆக்கள் இருக்கினம்" என்று முணுமுணுத்தார். இன்னொன்றில், மதக் கட்டுப்பாட்டை விட்டுப்போன மகன் உயிரோடு இருக்கும்போதே அவனுக்காகச் சாவீடு காக்கிறார் ஒரு தகப்பன். அந்த இடத்தில் அப்பா எழும்பி டிவியை அணைத்துவிட்டார். "ஆள் இருக்கேக்க ஏன் அழுறான் இவன்?" என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான்தான் அந்தக் கதையை எழுதியவள் போல.

சூசை அங்கிளுக்கு இது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "உந்தப் படங்களில வேதமும் இல்லை ஒண்டுமில்லை, பிள்ளையை வைச்சுக்கொண்டு ஏன் பார்க்கிறியள்?" என்றார். அப்பா அவரைப் பார்க்காமலே சொன்னார்: "நான் வேதம் பார்க்கேல்லை. என்ர மனிசியைப் பார்க்கிறன்."

உண்மைதான். அப்பாவின் கண் கதை மாந்தரிடம் ஒருபோதும் இருக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், பூங்காக்களிலும் நடைபாதைகளிலும் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு போகும் பெண்களைத்தான் அவர் தேடினார். பிலிப்பைன்ஸ்காரர், நேபாளத்தவர், எங்களைப் போன்ற நிறத்தவர். பெயரில்லாமல், பேச்சில்லாமல் அவர்கள் திரையின் ஓரத்தால் கடந்துபோனார்கள். ஒரு படத்தில், கடற்கரை நடைபாதையில் கணவனும் மனைவியும் வாய்த்தர்க்கப்படும்போது, அவர்களுக்கு அப்பால் ஒரு பெண் குனிந்து கிழவர் ஒருவரின் காலில் செருப்பை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள். "உதில நிப்பாட்டு, பிள்ளை. பின்னால எடு" என்றார் அப்பா. பின்னால் எடுத்தேன். "அம்மாவின்ர முதுகுதானே?" எனக்கு அம்மாவின் முதுகு மறந்துபோயிருந்தது. "தெரியேல்லை, அப்பா" என்றேன். அவர் திரையருகே முழங்காலில் போய் நின்று, முகம் புள்ளி புள்ளியாகச் சிதறும் அளவுக்குக் கிட்டப் பார்த்தார்.

அன்றிலிருந்து வேறு படம் இல்லை. மவுண்ட் வெல்லிங்டன் குளிர்பதனக் கிடங்கில் செய்த வேலைக்கு அப்பா ஒழுங்காகப் போவதில்லை. நான் பள்ளி விட்டு வரும்போது அந்தப் பெண் திரையில் உறைந்து நிற்பாள். அப்பா அவளுக்கு எதிரே சாப்பிடாமல் இருப்பார். நான் பாணில் ஜாம் பூசிக் கொடுத்தால் கையில் வாங்கி வைத்திருப்பாரே தவிர வாயில் வைக்கமாட்டார். அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவைத் தொலைத்ததுபோல் இவரையும் தொலைத்துவிடுவேன் என்று நினைத்தேன், அதைச் சொல்ல ஆள் இல்லை.

கடைசியில் என்னையும் டிவிடியையும் கூட்டிக்கொண்டு த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த குடிவரவுச் சட்டத்தரணியிடம் போனார். வெள்ளைக்காரப் பெண்மணி, பொறுமையானவர். "மனிசி எங்க இருக்கிறா எண்டு கண்டுபிடிச்சிட்டன், இந்தக் கடற்கரையில தேடச் சொல்லு" என்றார் அப்பா. நான் சொன்னேன். அவர் தன் கணினியில் அந்தக் காட்சியை முழுதாகப் பார்த்தார், பிறகு உறையைத் திருப்பி வாசித்தார், பிறகு அப்பாவை விட்டு என்னைப் பார்த்தார். அவர் மெதுவாகச் சொன்னதை நான் அப்பாவுக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது.

"அப்பா, இது அம்மா அங்க போறதுக்கு முதலே எடுத்த படமாம்."

அப்பா "ஓம்" என்றார். டிவிடியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். அது பைக்குள் அடங்கவில்லை, ஆனாலும் திரும்பத் திரும்ப அதற்குள் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு அந்த அறையிலேயே, நான் அதுவரை கேட்டிராத குரலில் அழுதார்.

பல மாதங்கள் கழித்து மன்னாரிலிருந்து பெரியம்மா தொலைபேசி எடுத்தார். விசா இல்லாமல் ஒளிந்து வேலை செய்த அம்மாவைப் பிடித்து, அடைத்துவைத்து, விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் ஒக்லாந்து வந்து சேர்வதற்குள் ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மறு விண்ணப்பம் போட்டு, வருடங்கள் ஓடிப்போயின. விமான நிலையத்தில் அவர் என்னைக் கட்டிப்பிடித்து ஏதேதோ கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். வீட்டில் அரிசி அளக்கும்போது அம்மா எபிரேயத்தில் எண்ணுவார், எண்ணிவிட்டுத் திடுக்கிட்டு எங்களைப் பார்ப்பார். கோயிலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "எருசலேமுக்குப் போனியளோ?" என்று கேட்டபோது, "ஒருக்காப் போனனான். கிழவியின்ர கண்ணை டொக்டரிட்டக் காட்ட" என்றார். வெள்ளிக்கிழமைகளில் கை நடுங்கும் அந்தக் கிழவிக்காக ஓய்வுநாள் மெழுகுதிரி கொளுத்தியது அம்மாதான். கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் விடச் சொன்னது கிழவியின் மகன். அதற்குமேல் அவர் எதுவும் சொன்னதில்லை. அப்பாவும் அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. ஏவன்டேல் வீட்டை இடித்து மாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். நூலகத்தில் அந்தத் தட்டும் இல்லை. அந்த நாட்டின் பெயரை எடுத்தாலே இன்று ஒரு மேசையில் இருப்பவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். போன வருடம் நகரத்துத் திரையரங்கில் ஒரு புதிய இஸ்ரேலியப் படம் வந்தபோது, வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டேன். வந்தார்.

வெள்ளிக்கிழமை இரவு விருந்து. மதப்பற்று மிகுந்து திரும்பி வந்த மகளும், அரபுப் பெண்ணைக் கட்டப்போகும் மகனும் மேசையில் மோதுகிறார்கள். யார் யூதர், யாருடைய வீடு இது என்று குரல்கள் உயர்கின்றன. அரங்கில் எல்லோரும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையின் கோடியில் சக்கர நாற்காலியில் தகப்பன், அவருக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றபடி ஒரு பெண் அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா என் கையைப் பிடித்தார். அவருடைய கண் ஊட்டுகிறவளிடம் இருந்தது.

"அந்தப் பிள்ளை இன்னும் சாப்பிடேல்லை" என்றார்.