முப்பத்தேழாம் சேனலில் லீலண்டின் முகம்

போன மாதம் காலமான லீலண்ட் ஸ்வோபோடாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேபிள் அறுந்து, எப்போது சரியாகும் என்று யாராவது கேட்டால், "தெரியாது" என்பார். சீக்கிரம் என்றோ நாளைக்கு என்றோ அவர் வாயிலிருந்து வராது. புதிதாகக் குடிவந்தவர்கள் அவரைச் சிடுமூஞ்சி என்று நினைத்தார்கள். எம்மெட் பிராண்ட்மையரின் வீட்டில் நடந்ததைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஆர்ட்வெல் என்ற அந்தச் சிறிய ஊரில், பாதி வீடுகளுக்கு மேல் கேபிள் இழுத்தவர் லீலண்ட். கதவைத் தட்டாமல் சமையலறை வழியாக உள்ளே போகலாம் என்ற உரிமை அவருக்கும் பாதிரியாருக்கும் மட்டும்தான் இருந்தது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் கணவனும் மனைவியும் வெவ்வேறு அறையில் டிவி பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளியில் சொல்ல மாட்டார். அதனாலேயே ஊர் அவரை நம்பியது.

வினையும் அந்த நம்பிக்கையிலிருந்துதான் வந்தது.

முப்பத்தேழாம் எண்ணில் வட்டார விளையாட்டுச் சேனல் வரும். கோடை முழுக்க, சாயங்காலமானால் பேஸ்பால். அந்தச் சேனலை முதலில் நடத்தியது ஒரு பீர் கம்பெனி. அப்போது வட்டார அணியும் அதனுடையதாகவே இருந்தது. பிறகு மேற்குக் கரையில் ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. அதனிடமிருந்து இன்னொன்று வாங்கியது. கடைசியில் கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போயிற்று. கை மாறும்போதெல்லாம் வீட்டுக்கு இவ்வளவு என்று கேபிள் கம்பெனியிடம் கேட்கும் கட்டணம் ஏறியது. ஒரு வசந்தகாலத்தில், ஆட்டங்கள் தொடங்குவதற்குச் சற்று முன், கேபிள் கம்பெனி முடியாது என்றது. சேனல் போயிற்று.

இம்மாதிரிச் சண்டை வந்தால் இரண்டு தரப்பும் டிவியிலேயே மக்களிடம் முறையிடுவது வழக்கம். கேபிள் கம்பெனியின் மேனேஜர் கர்ட் ரீமருக்கு ஒரு யோசனை தோன்றியது.

"டை கட்டின ஆள் வந்து சொன்னா இந்த ஊர்ல எவன் நம்புவான்? நீங்க சொல்லுங்க லீலண்ட்."

வேனுக்குப் பக்கத்தில், கம்பெனித் தொப்பியோடு லீலண்டை நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். "உங்களுக்காகத்தான் பேசிட்டிருக்கோம். அவசரப்பட்டு டிஷ்ஷுக்கு மாறிடாதீங்க. ஆட்டம் சீக்கிரமே வந்துடும்." நடுவில் சிரிப்பு வந்துவிட்டதால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னபோது அவர் அதை நம்பினார். சேனல் இருந்த முப்பத்தேழிலேயே அந்தப் படம் முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மே மாதம் ரீமர் அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்தச் சேனல் வராது. நம்ம கம்பெனியவே விக்கறாங்க. விக்கறவரைக்கும் சந்தாதாரர் குறையக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்."

"அப்ப என் படத்த எடுத்துடுங்க."

"எடுத்தா ஊருக்கே புரிஞ்சுடுமே. கொஞ்சம் பொறுங்க. புது முதலாளிகிட்ட உங்க பேரத்தான் முதல்ல சொல்லிருக்கேன்."

லீலண்ட் தலையாட்டினார். கையெழுத்தும் இல்லை, சத்தியமும் இல்லை. ஒரு தலையாட்டல்தான்.

எம்மெட் லீலண்டின் தெருவிலேயே சில வீடுகள் தள்ளி இருந்தார். தானியக் கிடங்கின் தூசி தின்ற நுரையீரல். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்தால் தூங்கும்வரை அதிலேயேதான். அவருக்கென்று மிச்சமிருந்தது சாயங்கால ஆட்டம் ஒன்றுதான். இன்னொரு கோடை கிடைக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை.

ஜூன் மாதம் ஏதோ இணைப்புக் கோளாறு என்று லீலண்ட் அந்த வீட்டுக்குப் போனார். டிவியில் அவரே நின்றுகொண்டிருந்தார். சத்தத்தை நிறுத்தியிருந்தார்கள், வாய் மட்டும் அசைந்தது. ஜன்னலோரம் இருந்த ரேடியோ ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்ன எம்மெட் இது?"

"காதுக்கு ரேடியோ இருக்கு. கண்ணுக்கும் ஏதாவது வேணும்ல? நீ இருக்க." எம்மெட் மூச்சு வாங்கினார். "நம்ம டீம்ல ஷார்ட்ஸ்டாப்ல நின்னு பந்து பிடிக்கறவனுக்கு நீ எவ்வளவோ மேல். நிக்க வேண்டிய எடத்துல நிக்கற."

சமையலறையிலிருந்து அவர் மனைவி லுவெல்லா குரல் கொடுத்தாள். "தெனமும் உன் மூஞ்சியோடதான் எங்க சாயங்காலம் போகுது லீ. அன்னிக்கு ஷேவாவது பண்ணிட்டு நின்னிருக்கக் கூடாதா?"

"டிஷ்காரன் வந்தான்," என்றார் எம்மெட். "லீ சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ ஏணிய எடுத்துட்டுக் கெளம்புன்னேன். ஆமா, எப்ப வரும்?"

திரையில் லீலண்டின் வாய் மறுபடி முதலிலிருந்து அசையத் தொடங்கியது. நாற்காலிப் பக்கம் இருந்த லீலண்ட் தன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார்.

"பேசிட்டிருக்காங்க."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதன் பிறகு அந்தத் தெருவில் வேனை ஓட்டவில்லை. தன் வீட்டுக்கே பின்சந்து வழியாகப் போனார்.

ஆகஸ்டில் எம்மெட் இறந்தார். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் அடித்தள அறையில் ஹாம் வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்கு சாலடும் பரிமாறினார்கள். லீலண்ட் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றார், சாப்பிடவில்லை. அங்கிருந்து கறுப்புக் கோட்டோடு நேராக ஊருக்கு வெளியே, கம்பெனியின் பெரிய ஆண்டெனாக்கள் நிற்கும் கொட்டகைக்கு வண்டியை விட்டார். முப்பத்தேழுக்குப் போகும் கம்பி எதுவென்று தேட வேண்டியிருக்கவில்லை. அதை மாட்டியதே அவர்தான். பிடுங்கினார். ஷூ முடிச்சுப் போடும் நேரம்கூட ஆகவில்லை. மே மாதத்திலும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். அதை நினைத்து, கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஒரு புகார் வந்திருப்பதாக ஆபீஸிலிருந்து அவரையே அனுப்பினார்கள். பிராண்ட்மையர் வீடு. முப்பத்தேழு வரவில்லை.

"உன்னக் காணோம் லீ," என்றாள் லுவெல்லா.

"நீங்கதான் ஆட்டமே பாக்க மாட்டீங்களே."

"மாட்டேன். அவர் நாற்காலிக்கு எதிர்ல ஏதாவது அசையட்டும்னு போட்டு வச்சிருந்தேன்."

லீலண்ட் கருவிப் பையைத் திறக்கவில்லை. "நான்தான் புடுங்கினேன். அந்தச் சேனல் வராதுன்னு மே மாசமே எனக்குத் தெரியும், லுவெல்லா."

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"இங்க வந்து உக்காந்திருந்தியே, அன்னிக்கும் தெரியுமா?"

"அன்னிக்கும்."

அவள் துணியை எம்மெட்டின் நாற்காலியில் வைத்தாள். குரல் உயரவில்லை. "ஜூலைல டிஷ்காரன் திரும்ப வந்தான். போட்டுக்கலாம்னு நான்தான் சொன்னேன். அவர் ஒத்துக்கல. நம்ம கூரைல டிஷ் இருந்தா லீ பாப்பான், நாம அவன நம்பலன்னு நெனப்பான், வேண்டாம்னார்."

அந்த வீட்டுக்கு வந்த யாரும் காபி குடிக்காமல் திரும்பியதில்லை. அன்று அவள் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

வெளியே வந்து வேனில் ஏறும் முன், வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும், தலை தானாக மேலே திரும்பியது. கூரையில் ஒன்றும் இல்லை.