ராஜப்பாவின் பொட்டுக்கு ஒரு டிராயிங்

1. வேக்குவம் இறங்கவில்லை

காற்றை உறிஞ்ச காலையில் போட்ட பம்ப் மத்தியானம் வரைக்கும் ஓடியும் சேம்பரில் வேக்குவம் இறங்கவில்லை. நிகில் அழுத்தம் காட்டும் கேஜைத் தட்டிப் பார்த்தார். பெங்களூரில் பெரிய படிப்பு படித்தவரும் கடைசியில் கேஜைத் தட்டித்தான் பார்க்கிறார்.

நான் ஓசூரில் ஒரு பைக் தொழிற்சாலையில் குவாலிட்டியில் இருந்து ரிட்டயர் ஆனவள். வீட்டில் சும்மா இருந்தால் என் கோபம் இன்னும் அதிகமாகும் என்று நிகிலின் கம்பெனியில், பாகங்கள் செய்து தரும் வெண்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். அவர்கள் செய்ய நினைப்பது ஃபியூஷன் மின்சாரம். சூரியனுக்குள் நடப்பதை ஒரு ஸ்டீல் பாத்திரத்துக்குள் நடத்தி, அந்தச் சூட்டில் கரண்ட் எடுத்து விற்க வேண்டும். எப்போது விற்பீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். நான் கேட்பதை விட்டுவிட்டேன். அந்தப் பாத்திரத்துக்குள் முதலில் காற்றே இருக்கக் கூடாது என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. அதுதான் சேம்பர்.

சேம்பரைச் செய்தவர் ராஜப்பா. மூக்கண்டப்பள்ளியில் பட்டறை வைத்து, பைக்குக்கு சைலன்சர் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தது. அதற்கு சைலன்சர் கிடையாது. தளி, ஜவளகிரிப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் எட்டு வெல்டர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று முழித்துக்கொண்டிருந்தவரை நான்தான் நிகிலிடம் கூட்டிப்போனேன்.

மூன்று பேர் கூட்டு. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று முதலும், உள்ளே சூடாகும் வாயுவைப் பிடித்து வைக்கும் காந்தமும் போடும், நிகில் டிசைன், ராஜப்பா சேம்பர். இந்த முதல் சேம்பர் டெஸ்டில் பாஸானால் ராஜப்பாவும் பார்ட்னர். இல்லையென்றால் வேலை வெளிநாட்டுக்கே போய்விடும், எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா அந்த வாரமே பார்க்க வருவதாக இருந்தார்.

2. யார் கை அழுக்கு

ஓட்டை இருந்தால் உள்ளே புகுந்து காட்டிக்கொடுக்கும் என்று வெல்டிங் மேலெல்லாம் ஹீலியம் வாயு அடித்துப் பார்த்தோம். எங்கேயும் லீக் இல்லை. அப்படியென்றால் வாயு உள்ளேயிருந்தே வருகிறது. மிச்சமுள்ள வாயு என்னவென்று காட்டும் கருவி, எண்ணெய் மாதிரி ஏதோ ஆவியாகிறது என்றது.

“உங்க பசங்க கிளவுஸ் இல்லாம தொட்டிருக்காங்க ராஜப்பா” என்றார் நிகில்.

“தாலி கட்டறப்பகூட என் பசங்க இவ்ளோ கை கழுவல சார்.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க. தொறந்து பாக்கலாம்” என்றேன்.

கீழ்ப் பக்கத்தில் போர்ட் என்கிற வாயின் மூடியைக் கழற்றி டார்ச்சும் கண்ணாடியும் விட்டுப் பார்த்தேன். போர்ட்டுக்குப் பின்னால், மறைவான இடத்தில், வரிசையாக மூன்று பொட்டுகள். உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் போக ஹீட்டர் போட்டுச் சுட்டதில் காபிக்கொட்டை நிறமாகியிருந்தன.

“இன்னா ராஜப்பா இது?”

“குங்குமப் பொட்டு மேடம். ஸ்டீல்ல ஒட்டலன்னு நல்லெண்ண விட்டுக் கொழச்சேன்.”

“உள்ள எதுக்கு வெச்சீங்க?”

“வெளிய வெக்கக் கூடாதுன்னு சார்தானே எழுதிக் குடுத்தாரு? பொட்டு வெக்காம என் பட்டறைல இருந்து ஒரு நட்டுகூட வெளிய போனதில்ல. அதான் யாரு கண்ணுலயும் படாத எடமா பாத்து வெச்சேன். கிளவுஸ் போட்டுத்தான் வெச்சேன்.”

நிகில் எழுதிக் கொடுத்தது உண்மை. வெளிநாட்டுக்காரர்கள் போட்டோ எடுப்பார்கள், வெளிப்பக்கம் ஸ்டிக்கர், பொட்டு எதுவும் கூடாது என்று எழுதியிருந்தார். உள்ளே நன்றாகத் துடைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். துடைத்துவிட்டுத்தான் ராஜப்பா பொட்டு வைத்திருக்கிறார்.

“உள்ள ஒண்ணுமே இருக்கக் கூடாதுன்னா, சாமிகூடவா மேடம்?”

“சாமி இருக்கட்டும். நல்லெண்ண இருக்கக் கூடாது.”

அன்றைக்குத்தான் நிகில் அவரை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். உள்ளே சுடவைக்கிற வாயு எடையே இல்லாத அளவுக்குக் கொஞ்சம். இந்தப் பொட்டிலிருந்து கிளம்பும் ஆவி அதில் கலந்தால் மொத்தமும் குளிர்ந்து அணைந்துபோகும்.

ராஜப்பா கேட்டுவிட்டு, “இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் சார் வெக்கப்போறேன்?” என்றார். நிகில் மறுபடி கேஜைத் தட்டப் போய்விட்டார்.

3. வெளிநாட்டு அம்மா

சுரண்டி, கழுவி, மறுபடி ஹீட்டர் போட்டு, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா பட்டறைக்கு வந்துவிட்டார். டெஸ்ட் ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்டார்.

“சின்ன கண்டாமினேஷன்னு சொல்லிடலாம்” என்று நிகில் என் காதில் சொன்னார்.

“சார் இன்னா சொல்றாரு?” என்றார் ராஜப்பா. சொன்னேன். “இதுல மறைக்க இன்னா இருக்கு? பொட்டுன்னே சொல்லுங்க மேடம்” என்று சட்டைப் பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து அந்த அம்மா முன்னால் நீட்டினார். எட்டு வெல்டர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததை ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. இனிமேல் வைக்காமல் இருப்பாரா என்று கேட்கச் சொன்னார்.

வைக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. “உள்ள வெக்க மாட்டேன். வெளிய வெப்பேன்” என்றார் ராஜப்பா. நிகில் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மழுப்பத் தெரியாது, அப்படியே சொன்னேன்.

அந்த அம்மா சேம்பரை ஒரு சுற்று சுற்றி வந்தார். அதைத் தாங்கி நிற்கும் காலைத் தொட்டு, இங்கே வைத்தால் கெடுதல் உண்டா என்று நிகிலைக் கேட்டார். அது வெறும் தாங்குகால், எதுவும் ஆகாது என்றார் நிகில். அப்படியானால் அதை டிராயிங்கில் போடுங்கள் என்றார் அந்த அம்மா.

சாயந்திரம் கேஜ் இறங்கியது. பார்ட்னர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆனது. நிகில் ஆசைப்பட்ட அளவுக்கு ஆர்டர் இல்லை, இன்னும் இரண்டு சேம்பர்தான். ஆனால் அந்த எட்டுப் பேரும் இன்றைக்கும் காலை பஸ்ஸில் வருகிறார்கள்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒருவரைப் பார்ட்னர் என்று கூப்பிட்டால் ‘கூடாது’ என்பதோடு ‘ஏன்’ என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். ஏன் என்று தெரியாதவர் உங்கள் சொல்லை மீறாமலேயே உங்கள் வேலையைக் கெடுத்துவிடுவார். சூரியனைச் செய்யக் கிளம்பியவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லை.

இரண்டாவது சேம்பரின் டிராயிங்கில், தாங்குகாலில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. பக்கத்தில் ‘பூஜை இங்கே மட்டும்’ என்று நோட். லாரி ஏற்றுவதற்கு முன் நான் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். பொட்டு கட்டத்தைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது.

“ரிஜெக்ட்” என்றேன்.

“மேடம், சாமி விஷயத்துல டாலரன்ஸ் பாக்கறீங்களே.”

“டிராயிங்ல இருக்கு.”

ராஜப்பா முணுமுணுத்துக்கொண்டே துடைத்துவிட்டு, ஸ்கேல் வைத்து அளந்து, மறுபடி வைத்தார்.