வெறுந்தாளில் கைநாட்டு

பாலையூற்று ஞானசேகரம் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தொண்ணூறுகளில் வேலை கிடைக்காமல், திருகோணமலைக் கச்சேரி எனும் அரச செயலக வாசலில் தட்டச்சுப் பொறியோடு இருந்து ஆங்கில மனு அடித்துக் கொடுத்தான். மூதூர் போகும் லாஞ்சுப் படகைப் பிடிக்க வேண்டுமென்று அக்கரை ஆட்கள் கதையைச் சொல்லிவிட்டு, வெறுந்தாளின் அடியில் கைநாட்டு வைத்துப் போவது வழக்கம்.

தோப்பூர் ஆமினா உம்மாவும் அப்படித்தான் போனார். சந்தையில் குண்டு வெடித்த அன்று அவர் மகன் ஸஹாப்தீனை இராணுவத்தினர் பிடித்து முகாமில் வைத்திருந்தார்கள். வெடிக்க முதலே அவன் சந்தையை விட்டுப் போய்விட்டான் என்பதுதான் மனுவின் உயிர்.

அடித்து முடித்து வாசித்தபோதுதான் ஞானசேகரம் பிழையைக் கண்டான். முதலே போய்விட்டான் என்று பொருள்தரும் 'ஹாட் லெஃப்ட்' வரவேண்டிய இடத்தில் வெறும் 'லெஃப்ட்' இருந்தது. குண்டு வெடித்தது, ஸஹாப்தீன் போனான். வெடிக்கவைத்துவிட்டு ஓடினவன் போலிருந்தது. அழித்துத் திருத்திய மனுவை முகாமில் நம்பமாட்டார்கள். கைநாட்டு வைத்த தாளோ ஒன்றுதான்.

புதுத்தாளோடு இறங்குதுறைக்கு ஓடினான்.

"உம்மா, பிழை விட்டிட்டன். மகன் வெடிச்ச பிறகு போனமாதிரி வந்திட்டுது. இதில இன்னொருக்கா வையுங்கோ."

"பட்டம் படிச்ச பிள்ளைக்கும் பிழை வருமோ?" நீட்டிய விரலை உம்மா மடக்கிக்கொண்டார். "இனி வெறுந்தாளில வைக்க ஏலாது, மகன். அடிச்சுத் தமிழில வாசிங்க. பிறகு வைக்கிறன்."

இந்த லாஞ்சை விட்டால் அடுத்தது நாளைக்குத்தான். அது தெரிந்தும் உம்மா அவனோடு கச்சேரிக்குத் திரும்பி நடந்தார். பொறிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டார்.

"முதலே போயிட்டான் எண்டு இருக்கா?"

"ஓம் உம்மா, இருக்கு."

அதன் பிறகே பெருவிரல் தாளில் பதிந்தது.