முதலில் எதை மாற்றுவது

கணவர் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் விழுந்ததும், குடும்பத்தின் மொத்தப் பாரமும் அறை மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் தலையில் வந்து விழுந்தது. வேலை பார்த்த அலுவலகத்தில் கழித்துக் கட்டியபோது அவள் கேட்டு வாங்கி வந்த மெஷின் அது. கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவள் தொழில். அக்கம்பக்கத்துக் கொத்தனார்களுக்கெல்லாம் அவள் ‘பிளான் அக்கா’. கணவர் லாரி ஓட்டுபவர். சரக்கு இறக்கும்போது தவறி விழுந்து கால் முறிந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்து, பழைய அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்த என்ஜினியர் போனில் கூப்பிட்டார். இப்போது அவர் தனியாகத் தொழில் செய்கிறார்.

“ஆஸ்பத்திரிக் கட்டடம்மா. எல்லா மாடிக்கும் பிளான், வெளித்தோற்றப் படம் நாலு. திங்கக்கிழமை காலையில என் கையில இருக்கணும். இது நல்லா வந்துச்சுன்னா உனக்குத் தொடர்ந்து வேலை தருவேன்.”

சரியாக வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அதுதான் அவள் மண்டைக்குள் குடைந்தது.

அவர் அனுப்பிய ஃபைலைத் திறந்தாள். அது திறப்பதற்குள் அடுப்பில் வைத்த உலை கொதித்துவிட்டது. மவுஸை நகர்த்தினால் கோடு தள்ளாடியபடி பின்னால் வந்தது. வெளித்தோற்றப் படத்தைக் கொஞ்சம் திருப்பினால் திரை வெளிறிப்போய் அப்படியே நின்றது.

வீட்டுச் செலவுக்கு ஒதுக்கியது போக, என்ஜினியர் தந்த முன்பணத்தில் ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும். எதை வாங்குவது என்பதில் வீடே கட்சி பிரிந்தது.

“கிராஃபிக்ஸ் கார்டு போடுங்க அண்ணி. படம் வழுக்கிக்கிட்டுச் சுத்தும்” என்றான் கொழுந்தன். அவன் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் விற்பனையாள்.

“ஆமா, நீ வந்து உக்காந்து கேம் ஆடறதுக்கு வசதியா இருக்கும்” என்றார் கட்டிலில் இருந்தவர். “பெரிய மானிட்டரா வாங்கு. கண்ணு எரியுதுன்னு நீதானே புலம்பறே?”

அவள் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. எந்தப் பாகம் எவ்வளவு திணறுகிறது என்று காட்டும் ஜன்னலைத் திரையின் ஓரத்தில் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்தாள். பிராசஸர் பாதி நேரம் சும்மா இருந்தது. ரேம் நிரம்பி வழிந்தது. ஹார்டு டிஸ்க் மூச்சு விட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“முதல்ல இந்த ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா வேகமான எஸ்.எஸ்.டி., அடுத்து ரேம். மத்ததெல்லாம் அப்புறம்” என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அதை வாங்கக் கிளம்பும் முன், முதல் மாடியை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். ‘டப்’பென்று ஒரு சத்தம். திரை இருண்டது. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது.

“என்ன ஆச்சு?” என்றார் கணவர்.

“தெரியலைங்க” என்றாள்.

சாப்பாட்டு இடைவேளையில் கொழுந்தன் ஓடிவந்தான். கடையில் சோதனைக்கு வைத்திருக்கும், மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையை மாட்டிப் பார்த்தான். மெஷின் உயிர்பெற்றது. அவள் ஃபைலைத் தேடினாள். தானாகச் சேமிக்கப்பட்ட பிரதி இருந்தது. முதல் மாடி மட்டும் அதில் அரைகுறை.

“பவர் சப்ளை போயிடுச்சு. நல்லவேளை, போர்டை விட்டு வச்சிருக்கு” என்றான்.

“இதையே திங்கள் வரைக்கும் வச்சுக்கட்டுமா?”

“கடைப் பொருள் அண்ணி. இப்பவே திருப்பி வைக்கணும்.” கொஞ்சம் தயங்கினான். “மட்டமான சப்ளை ஒண்ணு இருக்கு. பேரு ஊரு தெரியாத சரக்கு. அதை எடுத்தா எஸ்.எஸ்.டி.யும் சேத்து வாங்கிடலாம். நல்லதா எடுத்தா அது ஒண்ணுதான் வாங்க முடியும்.”

“ரெண்டும் கிடைக்குதில்ல, என்ன யோசனை?” என்றார் கணவர்.

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். “உன் மெஷினுக்கு அந்த மட்டமானதைப் போடுவியா?”

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மாட்டேன் அண்ணி.”

“அப்ப நல்லதையே கொண்டா.”

நல்லது வந்தது, கொழுந்தன் மாட்டினான், மெஷின் ஓடியது. ஆனால் அதே ஆமை வேகம். கணவருக்குப் பொறுக்கவில்லை. “காசையும் கொடுத்துட்டு வேகமும் கூடலேன்னா எதுக்கு? சொன்னா யாரு கேக்கறா!”

“பாதியில நின்னு போனா நீங்களா வந்து வரைஞ்சு குடுப்பீங்க?” என்று வெடித்தாள். அதன்பிறகு அறையில் ஹார்டு டிஸ்க்கின் கரகரப்பு மட்டும் கேட்டது.

பாரம் குறையட்டும் என்று அவள் ஃபைலை மாடி மாடியாகத் துண்டு போட்டாள். வரைபடத்தில் இருந்த கட்டில், நாற்காலி, மரம், கார் எல்லாவற்றையும் தூக்கினாள். என்ஜினியர் கொடுத்த அளவுகள் இருந்த பக்கத்தை வேறு ஜன்னலில் திறக்கும் ஒவ்வொரு முறையும் மெஷின் திணறியது. உறைந்து நிற்கும்போதெல்லாம் மவுஸைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

சனிக்கிழமை மத்தியானம் கணவர் தானாகவே வாயைத் திறந்தார். “அந்த அளவையெல்லாம் பிரிண்ட் போட்டுக் குடு. நான் படிக்கிறேன், நீ வரை.”

கட்டிலைச் சுவரோரமிருந்து மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டாள். அவர் லாரியின் சரக்குச் சீட்டைப் படிக்கிற குரலில் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒருமுறை கதவளவையும் ஜன்னலளவையும் மாற்றிப் படித்தார். “நோயாளி ஜன்னல் வழியா வரணுமா?” என்று அவள் கேட்டதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிறு காலைக்குள் பிளான்கள் முடிந்தன.

வெளித்தோற்றப் படங்கள்தான் கழுத்தை அறுத்தன. முதல் படம் வர முழுப் பகலும் போயிற்று. பெட்டி கொதித்தது. அவள் அடிக்கொருதரம் பின்பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். நாற்றமில்லை. காற்றாடி சீராகச் சுற்றியது. ஒரு தடவைகூட அணையவில்லை. ஆனாலும் திங்கள் விடிவதற்குள் இரண்டு படம்தான் தேறியது.

திங்கள் காலை, அவர் கேட்கும்வரை காத்திராமல் அவளே என்ஜினியரைப் போனில் கூப்பிட்டாள். “பிளான் எல்லாம் ரெடி சார். படம் நாலுல ரெண்டுதான் முடிஞ்சிருக்கு.”

“சரி, இருக்கிறதை அனுப்பு” என்றார்.

மீதிப் படங்களை வேறொருவரிடம் கொடுத்து வாங்கினார். அதற்கான கூலியை அவள் பணத்தில் பிடித்துக்கொண்டார். ஆனால் பிளான்களில் ஒரு கோடுகூடத் திருத்தச் சொல்லித் திரும்பி வரவில்லை. அந்த வாரமே ஒரு கிடங்குக்கு வரைபடம் கேட்டு ஆள் அனுப்பினார்.

கிடங்கு வேலைக்கு வந்த பணத்தில் எஸ்.எஸ்.டி. வந்தது. கொழுந்தன் மாட்டிவிட்டு ஃபைலைத் திறக்கச் சொன்னான். அவள் தட்டிவிட்டு, அது திறப்பதற்குள் வந்துவிடலாம் என்று பழக்கதோஷத்தில் அடுப்பைப் பார்க்க எழுந்தாள்.

“எங்க அண்ணி போறீங்க? திறந்தாச்சு” என்றான்.