வாரேன் என்று சொன்னதற்காக

அறுபது வயதுக்கு மேல், புருஷன் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனவள் நான். இதை எழுதுவதும் பயத்தில் இல்லை, கோபத்தில்தான்.

கேட்பவர்கள் எல்லாம் முதலில் "இந்த வயசுலயா?" என்றுதான் கேட்கிறார்கள். எந்த வயதிலிருந்து அடி வாங்கினேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கடைசியாக, பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டார் முன்னால், ரசத்தில் உப்பு கூடிவிட்டதென்று என் வீட்டுக்காரர் அதைக் கிண்ணத்தோடு என் மேல் வீசினார். சேலையில் ரசம் சொட்ட நின்றேன். அவர் அடுத்த கவளத்துக்கு மோர் கேட்டார். அந்த மோரையும் ஊற்றிவிட்டுத்தான் செல்லூர் வீட்டை விட்டு வந்தேன் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

விளாங்குடியில் மகள் வீட்டுக்கு வந்தேன். அவள்தான் வக்கீலைப் பார்த்தாள். வழக்குப் போட்டதும் கோர்ட்டில் முதலில் கவுன்சிலிங் என்றார்கள். அதை நடத்திய பெண்ணுக்கு என் மகளை விடச் சின்ன வயது. வீட்டுக்காரர் தன் தம்பியைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தார். புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இருவரும்தான் பேசினார்கள். ஹோட்டல் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். பாத்திரம் குமிந்து கிடக்கிறதாம். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்க ஆளில்லையாம். அவ்வளவு பேச்சிலும் ரசக் கிண்ணம் வரவே இல்லை.

முடிந்து எழுந்தபோது, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கை கூப்பி, "வாரேம்மா" என்றேன். யாரிடமும் அப்படிச் சொல்லித்தானே கிளம்புவோம்? பல்லைப் பிடுங்கி அனுப்புகிற டாக்டரிடம்கூட வாரேன் என்றுதான் சொல்லிவிட்டு வருகிறோம். சாவு விழுந்த துஷ்டி வீட்டிலிருந்து மட்டும்தான் சொல்லாமல் வருவது.

கொழுந்தன் அதைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா மேடம், மதினியே வாரேன்னு சொல்லிருச்சு."

வீட்டுக்காரர் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, மனதில் இருப்பதுதான் வாயில் வரும் என்று சொல்லி, யோசித்துப் பார்க்க இன்னொரு தேதி கொடுத்தாள்.

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். அந்த வாரமே மகள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கொழுந்தன் இறங்கி, தெருவே கேட்கும்படி, "கெளம்புங்க மதினி. வாரேன்னு சொன்னவுகளைக் கூட்டியாரச் சொல்லி அண்ணே அனுப்புச்சு" என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மகள்தான் சண்டை போட்டு ஆட்டோவைத் திருப்பி அனுப்பினாள். பிறகு போன்கள். வாரேன்னு சொன்னியாமே, எப்ப வாரே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சின்ன மாமியார் நல்ல நாளே பார்த்து வைத்துவிட்டார்.

தூக்கம் போனது. பிரஷர் மாத்திரையை டாக்டர் கூட்டினார். மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார்கள். மூச்சை இழுத்தால் ரச வாடைதான் வந்தது. கோயிலுக்குப் போகச் சொன்னார்கள். அங்கேயும் சொந்தக்காரர்கள்தான் நின்றார்கள்.

எனக்கு உதவியது துணி துவைக்கிற கல். மெஷின் கீழே சும்மா கிடக்க, போர்வைகளை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அடித்துத் துவைத்தேன். நேற்றுத்தானே துவைத்தீர்கள் என்று கீழ் வீட்டு அம்மா கேட்டார். ஆமாம், நேற்றும் எனக்குக் கோபம்தான். ஒவ்வொரு அடிக்கும் "போறேன்" என்று சொல்லிப் பழகினேன். நாக்கு லேசில் புரளவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அப்படிச் சொன்னதற்கு அம்மா என் வாயிலேயே போட்டிருக்கிறாள். போறேன் என்று சொல்லிப் போகிறவர்கள் திரும்ப மாட்டார்களாம். எனக்கு வேண்டியது அதுதானே என்று இன்னும் ஓங்கி அடித்தேன். ஒரு போர்வை கிழிந்தே போனது.

அடுத்த தேதியில் அதே அறை, அதே ஆட்கள். அன்றைக்கு வாரேன் என்று சொன்னீர்களே, முடிவு செய்துவிட்டீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். ரசக் கிண்ணத்தைச் சொன்னேன். மோர் ஊற்றியதைச் சொன்னேன். அதற்கு முந்திய அடிகளையும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. வீட்டுக்காரர் குறுக்கே வந்து, ஒரு உப்பு விஷயத்துக்குப் போய் இவ்வளவு தூரமா என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. எழுந்து நின்றேன்.

"நான் போறேன்."

கொழுந்தன் பதறிவிட்டார். "என்ன மதினி, போறேங்கிறீக? நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

"அம்புட்டு வருசமும் நல்ல வார்த்தைதான் தம்பி சொன்னேன். போறேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பேனாவை எடுத்தாள்.

படி இறங்கினேன். வெளியே காத்திருந்த மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா மேல் வாய்தா. கோபமும் குறையவில்லை, போர்வைகளும் மாடிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆட்டோ மட்டும் அப்புறம் வரவில்லை.