இசக்கிமுத்துவின் போர்டும் என் இருபத்து மூன்று நாட்களும்

1. பெட்டி திரும்பி வந்தது

ஏப்ரல் மாதத்து முதல் திங்கட்கிழமை. மும்பை விக்ரோலியில் எங்கள் பார்சல் ஆபீஸ் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தார்கள். செம்பூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் எனக்குக் கால் கடுத்தது. கவுண்டருக்கு முன்னால் இசக்கிமுத்து நின்றுகொண்டிருந்தார். கையில் நாங்கள் சனிக்கிழமை அவருக்கு டெலிவரி செய்த பெட்டி.

“யக்கா, இது நான் கேட்ட போர்டு இல்லக்கா.”

திங்கட்கிழமை காலையில், டீ கூடக் குடிக்காத வாயோடு கேட்கிற பேச்சா இது? “உக்காருங்க தம்பி, பாப்போம்” என்றேன். இப்படி எத்தனை பேரை உட்கார வைத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

இசக்கிமுத்துவுக்குத் தாராவியில் ஒரு மாடியறை. அதில் நாலு தலை எம்பிராய்டரி மெஷின் ஒன்று வைத்து, பள்ளிக்கூடச் சட்டைப் பையில் தைக்கிற பேட்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். மாட்டுங்காவில் ஒரு யூனிஃபார்ம் கடை வருஷா வருஷம் மே மாதத்தில் அவருக்கு மொத்த வேலையையும் கொடுத்துவிடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சில வாரத்து வேலையை வைத்துத்தான் அவர் வருஷத்தையே ஓட்டினார். மார்ச்சில் மெஷினின் மோட்டாரை ஓட்டுகிற சர்க்யூட், அதாவது ட்ரைவர் போர்டு, கருகிவிட்டது. பழைய மெஷின், கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. பம்பாய் முழுக்க அலைந்தும் போர்டு கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஒருவன் ஒரு ஷாப்பிங் வெப்சைட்டில் விற்றான். ஆனால் இந்தியாவுக்கு அனுப்ப மாட்டேன் என்றான்.

அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் நாங்கள் இருந்தோம். எங்கள் கம்பெனிக்கு அமெரிக்காவில் ஒரு குடோன் உண்டு, ஹப் என்போம். வாடிக்கையாளர் ஆர்டர் போடும்போது ஹப்பின் முகவரியைக் கொடுப்பார். விற்றவன் அங்கே அனுப்புவான். எங்கள் ஆள் கையெழுத்துப் போட்டு வாங்கி, விமானத்தில் ஏற்றுவான். மும்பையில் கஸ்டம்ஸ் முடித்து வீட்டில் சேர்ப்போம். ஃபார்வர்டிங் என்றால் இவ்வளவுதான்.

இசக்கிமுத்து போர்டைக் கவுண்டரில் வைத்து, போனில் விளம்பரப் படத்தைக் காட்டினார். “படத்துல பாருங்க, பின்னால இம்புட்டுத் தடிக்கு அலுமினியப் ப்ளேட் இருக்கு. இதுல ப்ளேட்டும் இல்ல, கனெக்டர்லயும் ரெண்டு கொறையுது. என் மெஷின்ல இத மாட்டவே முடியாதுக்கா.”

“வித்தவன்ட்ட கேட்டீங்களா?”

“நேத்தே கேட்டுட்டேன். ‘நான் சரியாத்தான் அனுப்பினேன், வழியில யாரு மாத்துனாவளோ எனக்குத் தெரியாது’ங்கான். அவன் கெடக்கான். வெப்சைட்ல பையர் ப்ரொடெக்ஷன்னு போட்டிருக்குல்லா? தப்பான மால் வந்தா பைசா வாபஸ்னு?”

அந்தப் ப்ரொடெக்ஷன் எங்கே வந்து நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். “கம்ப்ளெயின்ட் போடுங்க, பாப்போம்” என்று மட்டும் சொன்னேன்.

2. நான் சொன்ன யோசனை

புதன்கிழமை வெப்சைட்டிலிருந்து பதில் வந்தது. அவர் மறுபடியும் வந்து போனை என்னிடம் நீட்டினார். இங்கிலீஷில் நாலு வரி. நீங்கள் கொடுத்த முகவரியில் பொருள் சேர்ந்துவிட்டது, அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பப்பட்ட பொருளுக்கு எங்கள் பாதுகாப்பு பொருந்தாது, கேஸ் முடிந்தது.

“அப்பம் ப்ரொடெக்ஷன்னு எதுக்குக்கா போட்டிருக்கான்?”

“ஹப் வரைக்கும்தான் தம்பி. ஹப்புல எங்க ஆளு கையெழுத்துப் போட்டதும் அவன் கையக் கழுவிட்டான்.”

“இத மொதல்லயே சொல்லப்படாதா?”

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொல்லியிருந்தேன். விமானக் கட்டணத்தில் எடையைப் போலவே பெட்டியின் அளவுக்கும் காசு உண்டு. உள்ளே வெறும் தெர்மாகோல் இருந்தாலும் பெட்டி பெரிதாக இருந்தால் கட்டணம் ஏறும். எங்கள் ஃபார்மில் ரீபேக் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் போட்டால் ஹப்பில் பெட்டியைப் பிரித்து, பொருளைச் சின்னப் பெட்டியில் மாற்றிவிடுவார்கள். வருகிறவர்களிடமெல்லாம் இந்த யோசனையை நான் வாரி வழங்குவேன். “ரீபேக் டிக் பண்ணுங்க, காசு மிச்சம்” என்று சொல்லி அனுப்புவதில் எனக்கு ஒரு பெருமை. இசக்கிமுத்துவுக்கும் நான்தான் சொன்னேன். அவரும் “நம்ம ஊர் அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று டிக் போட்டார்.

அதனால் விற்றவன் அனுப்பிய பெட்டி, லேபிள், பேக்கிங் எல்லாம் அமெரிக்காவில் குப்பைக்குப் போய்விட்டன. ரீபேக் செய்கிற பையனுக்குப் போர்டு என்றால் போர்டு. அவன் என்ன கண்டான்? பிரிக்கும்போது ஃபோட்டோ எடுத்துக் கொடுக்க ஒரு தனிச் சேவையும் இருந்தது. அதற்கு ஒரு சின்னக் கட்டணம். அதை நான் வாயைத் திறந்து சொன்னதே இல்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“கிரெடிட் கார்டுலதான கட்டுனீங்க? பேங்க்ல டிஸ்ப்யூட் போடுங்க. வெப்சைட் கைவிட்டாலும் கார்டுக்காரன் கேப்பான்.”

அடுத்த நாளே போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார். “யக்கா, பேங்க்ல ஒரு பேப்பர் கேக்காவ. ஹப்புக்கு வரும்போதே மால் தப்பாத்தான் வந்துச்சுன்னு ப்ரூஃப் வேணுமாம். அது இருந்தா டெம்பரரியா பைசாவ கார்டுல போட்டுருவோம்ங்காவ. இதே போர்டு இன்னொருத்தன்ட்ட இருக்கு, பாத்து வச்சிருக்கேன். இந்த மாசத்துக்குள்ள பைசா வந்துட்டா அத எடுத்து மாட்டிருவேன். இல்லன்னா சீசன் போச்சு. நான் வேலை எடுக்கலன்னா கடைக்காரரு சும்மா இருப்பாரா? வேற ஆளப் பாத்துருவாரு.”

“பாக்குறேன் தம்பி” என்று போனை வைத்தேன்.

3. தராசில் ஏறிய எடை

ஹப்புக்கு எந்தப் பெட்டி வந்தாலும் பிரிப்பதற்கு முன்னால் அப்படியே தராசில் வைப்பார்கள். எடை, நேரம், லேபிளின் படம் மூன்றும் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அதற்கு டாக் வெயிட் என்று பேர். யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு நம்பர் அது. அன்று நான் பார்த்தேன்.

விளம்பரத்தில் போர்டின் எடை இரண்டு கிலோ முந்நூறு கிராம் என்று விற்றவனே எழுதியிருந்தான். டாக் வெயிட்டில், பெட்டி, தெர்மாகோல் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ ஐம்பது கிராம். பெட்டியைப் பிரிக்கும் முன்பே அந்த அலுமினியப் ப்ளேட் உள்ளே இல்லை. வழியில் யாரும் எதையும் மாற்றவில்லை. அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன். பேங்க் கேட்ட ப்ரூஃப் என் ஸ்க்ரீனில் இருந்தது.

ஆனால் ஹப் ரெக்கார்டை வெளி ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு ரூல். முன்பு யாரோ ஒரு வாடிக்கையாளர் அதை வாங்கிக்கொண்டு போய் கம்பெனி மேலேயே கேஸ் போட்டுவிட்டாராம். அதிலிருந்து கெடுபிடி. மானேஜர் ராமநாதன் சாரிடம் போனேன். மாட்டுங்காக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் ஹெட் ஆபீஸ் மெயில் வந்தால் பத்துத் தடவை படிப்பார்.

“ஐயோ, ரெக்கார்டையா? ஹெட் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்கோ. அப்ரூவல் வரட்டும். அதுவரைக்கும் அந்தப் பையன்கிட்ட மூச்சு விடப்படாது, சொல்லிட்டேன்.”

“பாவம் சார், சீசன் போயிடும்ங்கறார்.”

“பாவம்தான். நான் இல்லேங்கலையே. ஆனா நாளைக்கு என்னைக் கேப்பாளே, அப்போ நான் என்ன சொல்றது?”

மெயில் போட்டேன். நாலு நாள் கழித்து, புகாரின் டிக்கெட் நம்பர் எங்கே என்று கேட்டார்கள். கொடுத்தேன். அதற்கென்று தனி ஃபார்ம் இருக்கிறது, அதில் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். லீகல் பார்க்கிற அம்மா லீவில் இருக்கிறார் என்றார்கள். லீவு முடிந்து வந்தவர், இதை ஆபரேஷன்ஸ்தான் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு மெயிலையும் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வரவில்லை, தூக்கம்தான் வந்தது. அத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

இசக்கிமுத்து ஒன்றுவிட்டு ஒருநாள் போன் செய்வார். “கேட்டிருக்கேன் தம்பி, வந்துரும்” என்பேன். பேப்பர் என் கண் முன்னால் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் பிரின்ட் வந்துவிடும். தட்டவில்லை. ஏன் என்று கேட்டால் பயம்தான், வேறு என்ன? ரிடையர் ஆக எனக்குப் பதினாலு மாதம் பாக்கி. பி.எஃப்., கிராஜுவிட்டி என்று ஆயிரம் யோசனை. இந்த நேரத்தில் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

4. இருபத்து மூன்றாம் நாள்

மே மாதம் பிறந்த மறுநாள், நான் டாக் வெயிட்டைப் பார்த்த இருபத்து மூன்றாம் நாள், அவரே வந்தார். கவுண்டர் பக்கம் வரவில்லை. வாடிக்கையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் இரண்டு போன் பேசி முடித்தேன், அப்போதும் அப்படியே இருந்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. டாக் வெயிட் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, கம்பெனி சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

“வந்துருச்சாக்கா!” என்று முகம் மலர்ந்து ஓடினார்.

அன்று சாயங்காலமே ராமநாதன் சாரிடம் சொன்னேன். “என்ன காரியம் பண்ணியிருக்கேள்! மெமோ வந்தா யார் பதில் சொல்றது?” என்று குதித்தார்.

“என் பேரைப் போட்டுக் குடுங்க சார். நான் சொல்லிக்கிறேன்.”

மெமோ வந்தது. ஒரே ஒரு பக்கம். இனி இப்படிச் செய்யக் கூடாது என்று எழுதியிருந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன். ஃபைலில் வைத்தார்கள். யாரும் என் பி.எஃப்.ஐத் தொடவில்லை. இந்த ஒரு பக்கத்துக்கா அத்தனை நாள் பயந்தேன் என்று எனக்கே கேவலமாக இருந்தது.

பேங்க் நாலே நாளில் பணத்தை அவர் கார்டில் போட்டுவிட்டது.

5. ஜூலையில்

ஜூலையில் நல்ல மழை. நனைந்துகொண்டே ஒரு பேடாப் பெட்டியோடு வந்தார் இசக்கிமுத்து. “கேஸ் ஒரேடியா முடிஞ்சுதுன்னு பேங்க்ல மெசேஜ் போட்டுட்டாவக்கா. இனி அந்தப் பைசாவத் திருப்பிக் கேக்க மாட்டாவ. எல்லாம் ஒங்களாலதான்.”

“போர்டு மாட்டியாச்சா? மெஷின் ஓடுதா?”

“மெஷின் எங்கக்கா இருக்கு? வித்துட்டேன். நீங்க பேப்பர் குடுத்தியள்ளா, அதுக்கு மொத நாளே கடைக்காரரு வேலைய பிவண்டியில ஒரு பார்ட்டிக்குக் குடுத்துட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, எம்புட்டு நாள் பாப்பாரு? அப்புறம் போர்டு வாங்கி யாருக்குப் போட? ரூமுக்கு வாடகை நிக்கி. இப்பம் அதே பிவண்டிக்காரன்ட்டதான் ஆபரேட்டரா இருக்கேன். அதே பேட்ஜ்தான் போடுதேன்.” சிரித்துக்கொண்டே சொன்னார். “எடுங்கக்கா, பேடா.”

பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நல்லவள் என்று பேர் வாங்கிக்கொண்டு அதைத் தின்ன எனக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். அந்தப் பேப்பர் மே மாதத்தில் வந்ததில்லை, நீங்கள் பேங்க்கிலிருந்து போன் செய்த அன்றே என் ஸ்க்ரீனில் இருந்தது, பயந்துகொண்டு கொடுக்காமல் இருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் போனை எடுத்துப் பார்த்தார், பையில் போட்டார்.

“இத ஏன்க்கா இப்பம் சொல்லுதிய?” என்றார்.

மழை விடவில்லை, அவர் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. போன் செய்ய எனக்கும் முகம் இல்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மெஷின் சாமான், எலக்ட்ரானிக்ஸ் வாங்குகிறவரிடம் ரீபேக் பற்றிப் பேசும் முன்னால் ஃபோட்டோ சேவையைச் சொல்லுங்கள். வெப்சைட்டின் ப்ரொடெக்ஷன் ஹப் வாசலோடு சரி என்பதை ஆர்டர் போடும் முன்பே சொல்லுங்கள். கார்டில் கட்டச் சொல்லுங்கள். எந்தத் தேதிக்குள் பொருள் வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தப்பான பொருள் வந்து ஒருவர் டாக் வெயிட் கேட்டால், அப்ரூவலுக்கு மெயில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேப்பரை அன்றைக்கே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு மெமோ வரும். எனக்கும் வந்தது, இருபத்து மூன்று நாள் தாமதமாக.