கருணைப் பட்டு

துணியைத் தொடும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். புறங்கையால் ஒரு தடவு, ஒரு பெருமூச்சு. வாங்க வந்த பெண்மணியும் தன்னையறியாமல் பெருமூச்சு விடுவார். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். எதிரே பொத்தான் கடை வைத்திருக்கும் நான் தினமும் பார்க்கும் காட்சி இது. எதிர்ப் பட்டுக்கடையின் விற்பனையாளரான அவருக்குத் தெருவில் பெயர் 'பட்டுவாய்'.

மீதிப் பாதியை அந்த வாய் முடிக்கும். "சிலந்திகூடத்தான் பட்டு நூல் விடுது. ஆனா ஒரே பெட்டியில போட்டா ஒண்ண ஒண்ணு தின்னு தீர்த்துடும், எங்க முதலாளி வீட்டு அண்ணன் தம்பி மாதிரி. கடல்ல ஒரு சிப்பியும் நூல் விடும், யாரு முங்கி எடுக்கிறது? நம்ம பட்டுப்புழு தங்கம்மா! முசுக்கொட்டை இலையத் தின்னும், தன்னச் சுத்திக் கூடு கட்டும். கூடு முழுக்க ஒரே இழை!"

அந்தக் கூட்டை உள்ளிருக்கும் உயிரோடு கொதிநீரில் போட்டால்தான் பசை இளகும். இழையும் அறுபடாமல் வரும். பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து முறுக்கி, சாயமேற்றி, தறிக்கு அனுப்புவார்கள். கொதிநீர்க் கட்டத்தை மட்டும் பட்டுவாய், "அப்புறம் குளிப்பாட்டுவாங்க" என்று தாண்டிவிடுவார்.

சென்ற ஆண்டு கருணையும் விற்பனைக்கு வந்தது. பூச்சி வெளியேறிய பிறகு எடுக்கும் பட்டுக்கு இரட்டிப்பு விலை என்று முதலாளி கேள்விப்பட்டார். இடது அலமாரித் துணிகள் வலது அலமாரிக்கு மாறி, 'கருணைப் பட்டு' ஆயின. "பறந்து போயிடும்மா!" என்று பட்டுவாய் இரு கைகளையும் சிறகடித்துக் காட்டினார். வாங்கியவர்கள் கண் கலங்கினார்கள்.

பட்டுவாயின் மனைவி பட்டே உடுத்தாதவர். குளியலறையில் எறும்பைக் கண்டால், அது கரையேறும்வரை குழாயைத் திறக்கமாட்டார். மகள் கல்யாணம் வந்தது. பட்டு விற்கிறவர் பெண்டாட்டி சாதாரணப் பருத்தியில் நின்றால் மானம் போகாதா? வலது அலமாரியிலிருந்து ஒரு புடவையை எடுத்துப்போய் நீட்டினார்.

அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "கடையில பேசுற வாயாலதான் எங்கிட்டயும் பேசுறீங்களா?"

மறுநாள் பட்டுவாய் என் கடையில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். "எத்தனை பூச்சியப் பறக்க விட்டிருக்கேன்! அவ முன்னாடி கையத் தூக்க முடியலய்யா."

அலையாய் அலைந்து, நிஜமாகவே பூச்சி வெளியேறிய கூடுகளின் நூலில் நெய்த புடவை ஒன்றைப் பிடித்தார். பூச்சி துளைத்தால் இழை அறுந்துபோகும். பஞ்சு போல நூற்கத்தான் வேண்டும். எனவே மினுமினுப்பு இல்லை, ஆங்காங்கே திப்பி வேறு. மனைவி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உடுத்திக்கொண்டார்.

கல்யாண மண்டபத்தில் மைத்துனர் சபை நடுவே சிரித்தார். "என்ன மச்சான், ஊருக்கெல்லாம் பட்டு, எங்க அக்காவுக்கு மட்டும் கோணியா?"

"பட்டுடா! நிஜப் பட்டு!"

"இந்தக் கதையெல்லாம் கடையில வெச்சுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை காலம் புளுகியும் இப்படியொரு சந்தேகத்தை அவர் சந்தித்ததில்லை. "பட்டுன்னா எரிச்சா முடி கருகுற வாடை வரும், தெரியுமா?" என்று கத்தினார். சட்டென்று குனிந்து மனைவியின் முந்தானை ஓரத்தில் ஓர் இழையைப் பிடுங்கினார். தீக்குச்சியை உரசிப் பற்றவைத்து, புகையும் அந்த நூலைச் சம்பந்தியிலிருந்து தொடங்கி ஒவ்வொருவர் மூக்கின் கீழும் வரிசையாக நீட்டிக்கொண்டே போனார்.